ஸனத் அறுந்த செய்திகள்: சமூக ஊடக வரலாறு பற்றி ஒரு விமர்சனம்

சமூக ஊடகங்களின் வரலாறு என்று இன்று கல்லூரிப் பாடங்களிலும் பொது அறிவு ஏடுகளிலும் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு வம்சாவளியே. 1997இல் சிக்ஸ் டிகிரீஸ் பிறந்தது; 2002இல் ஃபிரண்ட்ஸ்டர்; 2003இல் மைஸ்பேஸ்; 2004இல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும்; 2005இல் யூடியூப்; 2006இல் ட்விட்டர்; 2009இல் வாட்ஸ்அப்; 2010இல் இன்ஸ்டாகிராம். இன்னார் நிறுவினார், இன்னார் இத்தனை கோடிக்கு வாங்கினார், ஒன்று விழ மற்றொன்று எழுந்தது என்று அரசர்களின் கதையைப்போல அது நகர்கிறது. 2014இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் நிறுவனம் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது என்பது மாணவர்களுக்கு மனப்பாடம். அந்தச் செயலியில் ஒரு செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும்போது அதை முதலில் சொன்னவரின் பெயர் என்ன ஆகிறது என்று கேட்டால் விடை சொல்வோர் குறைவு. வரலாறு எழுதியவர்களும் இக்கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நபிமொழிக் கலையைப் பாடமாக நடத்துபவனுக்கு முதலில் எழும் கேள்வியோ இதுதான்.

மேற்சொன்ன வம்சாவளி கலிஃபோர்னியாவில் இருந்து பார்த்து எழுதப்பட்டது. கள்ளக்குறிச்சியில் இருந்து பார்த்தால் வரிசையே வேறு. ஃபிரண்ட்ஸ்டரும் மைஸ்பேஸும் இப்பகுதியைத் தொட்டதாகச் சொல்ல முடியாது. ஆர்குட், பிரௌசிங் சென்டர்களின் வழியாக, கல்லூரியில் படித்த சில பிள்ளைகளை எட்டியது. 2014 செப்டம்பர் 30ஆம் நாள் அது மூடப்பட்டபோது நம் வீடுகளில் பெரும்பாலோர்க்கு அதன் பெயரே அறிமுகமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கித் தரவை ஏறக்குறைய இலவசமாக வழங்கிய பிறகே இணையம் உழவர், கடைக்காரர், நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோரின் கைக்கு வந்தது. அவர்களுக்கு இணையம் என்றாலே வாட்ஸ்அப்பும் யூடியூபும்தான். இருபது ஆண்டுக்காலப் படிப்படியான வளர்ச்சி என்று நூல்கள் விவரிப்பது இங்கு நிகழவில்லை. கடைசிப் படி மட்டும் நேராக வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

கல்வராயன் மலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் இந்த வரிசை மேலும் விந்தையாகிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டவை என்று சொல்லப்படும் மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது என்றும், அம்மக்கள் முதன்முதலாக வாக்களித்தது 1996இல் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் எடுத்துக்கொண்ட வழக்கில் பேசப்பட்டது. மலைவாழ் மக்களுக்கு வாக்குச்சீட்டு கிடைத்த அடுத்த ஆண்டில்தான் அமெரிக்காவில் சிக்ஸ் டிகிரீஸ் தொடங்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் நிகழ்வுகளாக எழுதிய நூல் எதையும் நான் கண்டதில்லை.

நிறுவனங்களின் வம்சாவளியை விட்டுவிட்டு, செய்திக்கும் அதைச் சொன்னவருக்கும் இடையிலான உறவு எவ்வாறு மாறிவந்தது என்று பார்த்தால் இவ்வூடகங்களின் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. மின்னஞ்சலில் ஒரு கடிதத்தை மற்றொருவருக்கு அனுப்பினால் அதற்குமுன் அனுப்பியவர்களின் பெயரும் முகவரியும் நாளும் நேரமும் அதன் தலையில் ஒட்டிக்கொண்டே வரும். படிப்பவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது. ஆயினும் வழி தெரிந்தது. ட்விட்டர் 2006இல் தொடங்கியபோது பிறர் சொன்னதை மறுபடி சொல்வதற்கென்று அதில் பொத்தான் எதுவும் இல்லை. பயனர்களே ஒரு மரபை உண்டாக்கினர். ஆர்டி என்று இரண்டெழுத்தை இட்டு, யாரிடமிருந்து பெற்றோம் என்ற பெயரை எழுதி, அதன்பின் செய்தியை இடுவர். அதைப் பெற்றவர் தமக்குத் தந்தவரின் பெயரை முன்னால் சேர்ப்பார். 140 எழுத்துகளே இடம் தந்த ஒரு வரிக்குள் மூன்று, நான்கு பெயர்கள் அடுக்கி நிற்கும். ஹத்தஸனா, அக்பரனா என்று தொடங்கும் நம் கிதாபுகளைப் படித்தவர்க்கு இதன் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எந்த உஸ்தாதும் கற்பிக்காமல், எந்த நிறுவனமும் கட்டளையிடாமல், சாதாரண மனிதர்கள் தாமாகவே ஸனத் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள் என்பது இவ்வூடக வரலாற்றில் மிகவும் கவனத்துக்குரிய செய்தி என்று நான் கருதுகிறேன். பொதுவான வரலாறுகளில் அதற்கு ஒரு வரி கிடைத்தாலே அரிது.

2009 நவம்பரில் அந்நிறுவனம் மறுட்வீட் பொத்தானை அறிமுகப்படுத்தியது. ஒரே அழுத்தலில் செய்தி பரவும். கையால் எழுதும்போது நேர்ந்த திரிபுகள் நீங்கின. முதலில் சொன்னவரின் பெயரும் நிலைத்தது. ஆனால் இடையில் இருந்தவர்கள் மறைந்தனர். மத்ன் காக்கப்பட்டது, தரீக் போயிற்று என்று நம் கலைச்சொற்களில் கூறலாம். அதைவிடப் பெரிய இழப்பு, மறுபடி சொல்வதற்கு முன் ஒருவர் செலவிட்ட அந்தச் சில நொடிகள். பெயர்களை எழுதி, சொற்களைச் சுருக்கி, இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க இருந்த இடைவெளி அது. அப்பொத்தானை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் வெதரெல் பத்தாண்டுகள் கழித்து, 2019இல், தாம் செய்த வேலை குறித்து வெளிப்படையாக வருந்தினார்.

வாட்ஸ்அப் இதையும் கடந்து சென்றது. அதில் ஒரு செய்தியை முன்னனுப்பினால் எழுதியவர் பெயரும் வராது, இடையில் தந்தவர் பெயரும் வராது. கடைசியாக அனுப்பியவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிவார். அவரோ நம் மைத்துனர், அல்லது ஜமாஅத் செயலாளர், அல்லது பிள்ளையின் வகுப்பாசிரியர். அவருடைய நம்பகத்தன்மை முழுவதும் அவர் அறியாத யாரோ ஒருவரின் சொல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது தொழில்நுட்பத்தின் தவிர்க்கமுடியாத நிலை என்று சிலர் வாதிடுவர். அவ்வாறில்லை. 2013இல் வந்த டெலிகிராமில் முன்னனுப்பும் செய்தியோடு மூலத்தின் பெயரும் சேர்ந்தே செல்லும். மறைக்க விரும்புவோர் தம் கணக்குக்கான இணைப்பை மறைத்துக்கொள்ளலாம். ஆகவே பெயரை அறுப்பதும் வைப்பதும் வடிவமைப்பாளரின் தெரிவு.

தமிழ் பேசுவோருக்கு இதில் இன்னொரு கூறும் உண்டு. தொடக்ககால ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தோன்றாது. எனவே செய்திகள் படமாக்கப்பட்டு உலவின. 2013இல் குரற்பதிவு வசதி வந்தபின் குரலாகவும் உலவின. படத்தில் உள்ள எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அன்று வழியில்லை. குரலோ அதனினும் வலியது. நம் வட்டார வழக்கில், பதற்றத்தோடு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் பேசும்போது அவர் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. முஹத்திஸ்கள் அவரை மஜ்ஹூல், அறியப்படாதவர் என்று ஒதுக்கியிருப்பர்.

2018ஆம் ஆண்டில் நடந்தவற்றை இப்பின்னணியில் நினைவுகூர வேண்டும். வடமாநிலத்தவர் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வடதமிழகத்தில் வாட்ஸ்அப் வழியே பரவியது. அவ்வாண்டு மே 9ஆம் நாள், நமக்கு அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தைக் கூட்டம் தாக்கியது. வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள் செய்த குற்றம். 65 வயது மூதாட்டி கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியா முழுதும் உலவிய காணொளிகளில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்தோர் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி. உண்மையில் அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியில் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இது எவ்வளவு எளிது பாருங்கள் என்ற பொருளில் அறிவிப்புப் பலகையைக் காட்டுவர். அப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. அறிவிப்பாளர் ஒருவர் தமக்கும் மூலத்துக்கும் இடையிலுள்ள குறையை மறைத்துச் சொல்வதைத் தத்லீஸ் என்று பாடம் நடத்துகிறோம். கத்தரிக்கோலால் செய்யப்பட்ட தத்லீஸ் இது.

அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் மகாராட்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஐவர் இதே வகை வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டபின் மத்திய அரசு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. ஜூலை 10இல் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற முத்திரை வந்தது. அதே மாதம், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்ற வரம்பு வந்தது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிவாக்கப்பட்டது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரலில் அத்தகைய செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்றாக்கினர். அதன்பின் அவை 70 விழுக்காடு குறைந்தன என்று நிறுவனம் கூறியது. வேகம் குறைந்தது நன்மையே, மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்திரை என்ன சொல்கிறது என்று ஆராய வேண்டும். இச்செய்திக்கு நீண்ட சங்கிலி ஒன்று உண்டு என்கிறது. அச்சங்கிலியின் ஒரு கண்ணியைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறது. அறிவிப்பாளர் தொடரின் நீளத்தை மட்டும் எண்ணிச் சொல்லி, பெயர்களை எல்லாம் அழித்துவிட்ட ஒரு கிதாபை நம் மதரஸாக்களில் யாரும் கையில் எடுக்கமாட்டார்கள். நம் மக்களில் பலர் அந்த இரட்டை அம்புக்குறியை எச்சரிக்கையாகக் கொள்ளாமல், ‘இவ்வளவு பேர் அனுப்பியிருக்கிறார்களே’ என்று சான்றாகக் கொள்கிறார்கள் என்பது வேறு வேதனை.

இவ்விடத்தில் முதவாத்திர் பற்றிய குழப்பத்தைத் தெளிவுபடுத்துதல் அவசியம். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் நுக்பத்துல் ஃபிக்ர் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் சிறுநூல். ஒரு செய்தி முதவாத்திர் ஆவதற்கு அறிவிப்போர் பலராக இருத்தல் முதல் நிபந்தனை மட்டுமே. அவர்கள் கூடிப் பேசிப் பொய்யுரைத்தல் வழக்கத்தில் இயலாததாக இருக்க வேண்டும். இந்தப் பன்மை தொடக்கம் முதல் இறுதிவரை எல்லாத் தலைமுறையிலும் இருக்க வேண்டும். அச்செய்தி கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்ற புலனறிவில் போய் முடிய வேண்டும். ஒருவர் சொன்னதை ஆயிரம் பேர் மறுபடி சொன்னால் அது முதவாத்திர் ஆகாது. ஆயிரமாவது கையிலும் அது கபருல் வாஹிதே. நுக்பாவை மனனம் செய்த மாணவர் இதைத் தேர்வில் பிழையின்றி எழுதுகிறார். அன்று மாலையே குடும்பக் குழுவில் வந்ததை, எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது ஹஜ்ரத் என்று என்னிடம் காட்டுகிறார். கலைச்சொல்லுக்கும் கைப்பேசிக்கும் நடுவே சுவர் ஒன்றை நாமே எழுப்பி வைத்திருக்கிறோம் என்றே தோன்றுகிறது. நம் குத்பாக்களும் இதற்கு உதவுவதில்லை. சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை ஓதி, செய்தியை ஆராய்ந்து கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எவ்வாறு ஆராய்வது என்பதற்கு நூற்றாண்டுகளாக வளர்த்த ஒரு கலை நம்மிடம் இருந்தும், அதை மிம்பருக்குக் கொண்டுவருவதில்லை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மூன்றாண்டுகள் நிறைவதற்குள் இந்த ஊரின் பெயர் நாடெங்கும் தெரியவந்தது. சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் 2022 ஜூலை 13ஆம் நாள் இறந்து கிடந்தார். நீதி கேட்டுப் பெற்றோரும் உறவினரும் போராடினர். பெற்ற மகளை இழந்தவர்கள் கேள்வி கேட்பதில் குறைகாண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த நான்கு நாட்களில் அக்கேள்விக்கு விடைகளைக் கைப்பேசிகள் உற்பத்தி செய்தன. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் கொளுத்தப்பட்டன; வகுப்பறைகள் சூறையாடப்பட்டன; அதே பள்ளியில் படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்து சாம்பலாயின. வாட்ஸ்அப் குழுக்களின் வழியாகவே கூட்டம் திரட்டப்பட்டது எனக் காவல்துறை கூறியது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள் வழக்கை விசாரித்த நீதிபதி என். சதீஷ்குமார், இவ்வன்முறை திட்டமிட்டதாகத் தெரிகிறது என்றார். சமூக ஊடகங்களில் இணையாக விசாரணை நடத்துவோர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தார். நீதிமன்ற ஆணையின்படி ஜூலை 19இல் இரண்டாம் உடற்கூறாய்வு நடந்தது. அதற்கு இரண்டு நாட்கள் முன்பே, முதல் அறிவிப்பாளர் யாரென்று அறியாத மக்கள் தீர்ப்பை நிறைவேற்றி முடித்திருந்தனர்.

இங்கு கவனித்தற்குரிய இன்னொன்று உண்டு. பள்ளியிலிருந்து நாற்காலி, மேசை, மின்விசிறி என எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு சுற்றுவட்டாரக் கிராமங்களில் தண்டோரா போடப்பட்டது. வாட்ஸ்அப் அழைத்து வந்த கூட்டத்திடம் அரசு பறை அடித்துப் பேச வேண்டியதாயிற்று. தண்டோராவும் ஒரு சமூக ஊடகமே. வரலாற்று நூல்களில் அதற்கு இடம் இல்லை. சொல்பவரின் முகம் ஊருக்குத் தெரியும். யார் சார்பில் சொல்கிறார் என்பதும் தெரியும். பொய்யாயின் யாரைப் போய்க் கேட்பது என்பதும் தெரியும். இதற்காக அதை ஏக்கத்தோடு நினைப்பது பிழை. அந்தப் பறையைச் சுமக்கும் இழிவு ஒரு சமூகத்தின் தோளிலேயே தலைமுறை தலைமுறையாக ஏற்றப்பட்டிருந்தது. அடுத்த மாதமே, 2022 ஆகஸ்டில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

இதுவரை படித்தவர், அப்படியானால் அதிகாரபூர்வமான அறிவிப்பை மட்டும் நம்புவோம் என்ற முடிவுக்கு வரலாம். காவல்துறையும் அதைத்தான் சொல்கிறது. அதே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் நடந்தது அம்முடிவுக்கு இடம் தரவில்லை. நகரில் உள்ள கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஜூன் 18 இரவு முதல் விழத் தொடங்கினர். சாவுகள் தொடங்கியபோது, இவை கள்ளச்சாராயத்தால் நேர்ந்தவை அல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் மறுத்தது. அந்த மறுப்பை நம்பி மேலும் சிலர் குடித்தனர் என்று பாதிக்கப்பட்ட குடும்பத்தார் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் கண்பார்வை பாதிக்கப்பட்டனர். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், வழக்கை அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. அன்று தெருவில் பேசப்பட்டது உண்மை. அலுவலகத்திலிருந்து வந்தது உண்மையன்று.

ஜர்ஹ் வ தஅதீல் கலை இதை அறியும். அறிவிப்பாளரின் பதவி அவருடைய அறிவிப்புக்குச் சான்றாவதில்லை. வணக்கசாலிகள், நீதிபதிகள், பெருங்குடிப் பிறந்தோர் ஆகியோரின் அறிவிப்புகளும் நினைவாற்றல் குறைவு, கவனக்குறைவு, சார்பு ஆகிய காரணங்களால் தள்ளப்பட்டுள்ளன. எளிய தொழில் செய்தோரின் அறிவிப்புகள் கொள்ளப்பட்டுள்ளன. யார் என்பதோடு, அவர் அதை எங்ஙனம் அறிந்தார், அதில் அவருக்கு என்ன நலன் என்பதும் கேட்கப்பட்டன. கருணாபுரத்துக் கூலித் தொழிலாளி தன் அண்டை வீட்டில் கண்ணால் கண்டதைச் சொன்னார். நிர்வாகத்துக்கோ மறுப்பதில் நலன் இருந்தது. சமூக ஊடகத்தை வதந்தியின் இருப்பிடமாகவும் அரசு அறிவிப்பை உண்மையின் இருப்பிடமாகவும் பிரித்து எழுதும் நூல்கள் இவ்விடத்தில் நமக்கு உதவா.

இப்போது அரசும் நீதிமன்றங்களும் கையில் எடுத்துள்ள தீர்வுக்கு வருவோம். ஆதாரைச் சமூக ஊடகக் கணக்குகளோடு இணைக்கக் கோரிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, 2019இல், சென்னை ஐஐடிப் பேராசிரியர் வி. காமகோடி ஒரு யோசனையை முன்வைத்தார். முன்னனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் எண் சேர்ந்தே செல்லட்டும் என்பது அதன் சாரம். மும்பை ஐஐடிப் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். குற்றம் செய்ய முனைந்தவர் மாற்றியமைத்த செயலியையோ வெளிநாட்டு எண்ணையோ பயன்படுத்தித் தப்புவார், அறியாமல் அனுப்பியவரே சிக்குவார் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. வழக்கு அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரி 25இல் மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் ஒரு செய்தியை முதலில் தோற்றுவித்தவரைப் பெரிய நிறுவனங்கள் அடையாளம் காட்ட வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. இருமுனை மறையாக்கம் சிதையும் என்று கூறி வாட்ஸ்அப் அவ்வாண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது.

காமகோடியின் யோசனையைக் கேட்டபோது முதலில் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. இஸ்னாத் திரும்பி வருகிறது என்று எண்ணத் தோன்றும். ஆராய்ந்தால் இரண்டும் ஒன்றல்ல. இஸ்னாத் என்பது கேட்பவருக்காகச் சொல்பவர் தாமே முன்வந்து வெளிப்படுத்துவது. அதை வைத்துக் கேட்பவர் செய்தியை ஏற்பார், அல்லது தள்ளுவார். 2021ஆம் ஆண்டு விதி தருவது கேட்பவருக்கு அன்று, காவல் நிலையத்துக்கு. அத்திமூரில் குரற்பதிவைக் கேட்டவருக்கு அதனால் எந்தப் பயனும் விளைந்திராது. உயிர் போனபின் யார் தொடங்கினார் என்று அதிகாரிக்குத் தெரியலாம், அவ்வளவே. அவ்விதியில் வேறொரு வரியும் உண்டு. முதலில் தோற்றுவித்தவர் இந்தியாவுக்கு வெளியே இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே தோற்றுவித்தவராகக் கருதப்படுவார். கராச்சிக் காணொளியை எண்ணிப் பாருங்கள். எங்கோ வெட்டப்பட்டு வந்ததை அறியாமல் முதலில் அனுப்பிய யாரோ ஒருவர் அதன் மூலவராகிவிடுவார். தொடர் அறுந்த முன்கதிஃ ஒன்றை முத்தஸில் என்று பதிவு செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பிறர் குறையைப் பேசுதல் கீபத் ஆகும் என்பதால் அறிவிப்பாளர் ஆய்வையே தயக்கத்தோடு அணுகிய மரபு நம்முடையது. இமாம் நவவீ (ரஹ்) கீபத் அனுமதிக்கப்படும் இடங்கள் ஆறு என வரையறுத்து, அறிவிப்பாளர் குறையைச் சொல்வதைத் தேவையின் பொருட்டு அவற்றுள் ஒன்றில் அடக்கினார். தேவை தீர்ந்த இடத்தில் அனுமதியும் தீர்கிறது. ஒவ்வொருவர் பேச்சுக்கும் அடையாள எண் ஒட்டி, என்றேனும் பயன்படும் என்று சேமித்து வைக்கும் ஏற்பாடு இந்த எல்லைக்குள் அடங்காது. சிறுபான்மையாக வாழும் நாம் இதை எளிதாகக் கடந்துவிடுவதற்கில்லை. 2020 மார்ச்சில் டெல்லி தப்லீக் கூட்டத்தை முன்னிட்டு நம்மைப் பற்றி என்னவெல்லாம் உலவியது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறியது. அத்தீர்ப்பு எத்தனை குழுக்களில் முன்னனுப்பப்பட்டது?

வதந்தியால் துன்புற்றவர்கள் என்பதால் நாம் வதந்தியைப் பரப்பாதவர்கள் ஆகிவிடவில்லை. மதீனா பள்ளியின் பணியாளர் ஷைகு அஹ்மத் கண்ட கனவு என்ற கடிதத்தை ஐம்பது வயதைக் கடந்த எவரும் அறிவர். இத்தனை படி எடுத்து அனுப்பினால் நன்மை, அனுப்பாவிட்டால் கேடு என்று அஞ்சலிலும் துண்டறிக்கையிலும் வந்தது. உலமாக்கள் பலர் மறுத்து எழுதியும் ஓயவில்லை. இன்று அது பச்சைக் குப்பாவின் படத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. ரஜப், ஷஅபான் மாதங்கள் பிறக்கும் முன் பரவும் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களுக்குக் கணக்கில்லை. அவற்றின் அடியில் புகாரீ என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். பாகமும் இல்லை, எண்ணும் இல்லை. நூல்களின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்து மறுப்பு எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அது எத்தனையோ குழுக்களைக் கடந்துவிட்டிருக்கும். அனுப்பியவர், நல்லதைத்தானே சொல்கிறது ஹஜ்ரத் என்பார். ஹதீஸை இட்டுக்கட்டியோரில் ஒரு வகையினர் இதே வாதத்தைத்தான் கூறினர் என்பதை உலூமுல் ஹதீஸ் படித்தோர் அறிவர்.

கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் கல்வராயன் மலையைப் பற்றி எல்லோரும் பேசினர். மலை என்றால் சாராயம் என்ற பழைய சமன்பாடு மீண்டும் சுற்றிவந்தது. மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். அது மலையில் விளைவதன்று என்று நிறுத்தி யோசித்தவர் சிலரே. அச்சூழலில்தான் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோரின் அமர்வு, ஊடக நேர்காணல் ஒன்றில் பேசப்பட்ட மலைவாழ் மக்களின் நிலையைக் குறிப்பிட்டு, தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 1976, 1996 என்ற ஆண்டுகள் பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டது அப்போதுதான். அச்செய்தி வந்த வழியை எண்ணிப் பார்த்தால், மலையாளிப் பழங்குடியினர் அதில் பேசப்படுவோராக வருகிறார்கள், பேசுவோர் கீழ்நாட்டினர். நாமும் கீழிருந்தே இதை எழுதுகிறோம். 2024 ஜூலையில் அந்த அமர்வு, அரசு தாக்கல் செய்த அறிக்கையோடு நிறைவடையாமல், முதலமைச்சரோ அமைச்சர் உதயநிதி ஸ்டாலினோ நேரில் மலைக்குச் சென்று நிலைமையைக் காண வேண்டும் என்று கருத்துரைத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அவ்வழக்கில் எழுந்த கேள்விகள் யாவும் வெள்ளிமலைக்கு ஏறிப்போய்க் கண்ணால் கண்டு விடை சொல்லத்தக்கவை.